விண்ணில் தலைசுற்றிய முதல் மனிதர்



தட்டாமாலை சுற்றி விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வேகமாகச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் என்ன ஆகும்? நீங்கள் நின்றுவிடுவீர்கள்; வீடும் மரமும் மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்! கார்த்திகைத் தீபத்தின்போது எங்கள் திருவண்ணாமலையில் ராட்டினங்கள் வந்து நிற்கும். சிரித்துக்கொண்டே ஏறுகிற பிள்ளைகள், இறங்கும்போது அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஓரமாகப் போய் வாந்தி எடுப்பவர்களும் உண்டு.

ராட்டினமாவது ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் இந்தத் தலைசுற்றல், இறங்கவே முடியாத ஓர் இடத்தில் ஒரு மனிதருக்கு வந்தது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உயரத்தில், தன்னந்தனியாக அவர் பறந்துகொண்டிருந்தார். மனிதனுக்கு அங்கே இப்படி ஆகும் என்று அதுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்த மனிதரின் பெயர் கெர்மன் டிட்டோவ். விண்கலத்தில் பூமியைச் சுற்றி வந்த இரண்டாவது மனிதர் இவர்.

முதலாமவர் யூரி ககாரின் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். வினாடி வினாவில் கேட்கும் கேள்வி அது. இரண்டாமவரை யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ இந்த இரண்டாமவரின் கதைதான் கூடுதலாகப் பிடிக்கிறது.

டிட்டோவ் 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சோவியத் நாட்டில், சைபீரியாவின் அல்தாய்ப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா ஸ்தெபான் பள்ளி ஆசிரியர். மொழியும் இலக்கியமும் கற்பித்தவர். ரஷ்ய மகாகவி புஷ்கின் என்றால் அவருக்கு உயிர். அதனால் புஷ்கின் எழுதிய கதை ஒன்றில் வரும் பாத்திரத்தின் பெயரையே மகனுக்கு வைத்தார். மகளுக்கும் புஷ்கினின் கவிதையிலிருந்துதான் பெயர். நம் ஊரில் தமிழாசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கபிலன், இளங்கோ என்று பெயர் வைப்பதில்லையா, அதுபோலத்தான். (அந்தக் கதையில் வருகிறவன் அப்படியொன்றும் நல்லவன் அல்லன். ஆசிரியர் ஸ்தெபான் அதைப் பொருட்படுத்தவில்லை போலும்!)

சிறுவன் கெர்மனுக்கு விமானி ஆக வேண்டும் என்று ஆசை. பதினான்கு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கை உடைந்தது என்று தெரிந்தால் விமானப் பள்ளியில் சேர்க்கமாட்டார்களே! ஆகவே விமானப் பள்ளிக்குப் போனபோது அதை மறைத்துவிட்டான். கையை வலுவாக்க விடாமல் உடற்பயிற்சி செய்தான். மருத்துவர்கள் கவனிக்கவே இல்லை. இந்த மறைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே டிட்டோவ் பிறகு என்ன செய்தார் என்பதைச் சொல்லும்போது இது உங்களுக்கு வேண்டியிருக்கும்.

1957-இல் போர் விமானியாகத் தேர்ச்சி பெற்றார். 1960-இல் விண்வெளி வீரர்களின் முதல் குழுவுக்கு இருபது இளம் விமானிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ககாரினும் இருந்தார், டிட்டோவும் இருந்தார். இருவருமே கெட்டிக்காரர்கள். 1961 ஏப்ரல் 12 அன்று இருவருக்குமே விண்வெளி உடை அணிவித்து, ஒரே பேருந்தில் ஏவுதளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ககாரின் ராக்கெட்டில் ஏறினார். டிட்டோவ் கீழே நின்றார். ககாரினுக்குக் கடைசி நேரத்தில் ஏதாவது ஆனால்தான் இவருக்கு வாய்ப்பு. ஒன்றும் ஆகவில்லை. நூற்றெட்டே நிமிடங்களில் ககாரின் உலகப் புகழ் பெற்றுவிட்டார். டிட்டோவின் மனம் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் வீரர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த தளபதி கமானின், தம் நாட்குறிப்பில் வேறொரு செய்தியை எழுதி வைத்திருந்தார். இருவரில் டிட்டோவே மன உறுதி மிக்கவர். அதனால் ஒரு நாள் முழுவதும் பறக்க வேண்டிய கடினமான பயணத்துக்கு அவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஒரு நாள் பறப்பது அவ்வளவு கடினமா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் அது பெரிய புதிர். ககாரின் பூமியை ஒரே ஒரு முறைதான் சுற்றினார். எடையில்லாமல் ஒரு மணி நேரம் இருப்பது வேறு, ஒரு நாள் இருப்பது வேறு. சாப்பிட்டது தொண்டையில் இறங்குமா? தூக்கம் வருமா? புத்தி தடுமாறுமா? யாருக்கும் தெரியாது. 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா என்ற இரண்டு நாய்கள் ஒரு நாள் விண்ணில் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பியிருந்தன. ஆனால் நான்காவது சுற்றில் பெல்கா அமைதியிழந்து வாந்தி எடுத்தது. அது மருத்துவர்களைக் கவலைப்பட வைத்தது. எனவே டிட்டோவ் மூன்று சுற்றோடு இறங்கிவிடட்டும் என்று கமானினும் மருத்துவர்களும் சொன்னார்கள். ராக்கெட்டை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் கொரலியோவோ, ஒரு நாள் முழுவதும் பறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். டிட்டோவுக்கும் அதுதான் விருப்பம். கொரலியோவ் பேச்சே வென்றது.

1961 ஆகஸ்ட் 6 காலை, பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து வோஸ்தோக்-2 கிளம்பியது. இரண்டேகால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள ஓர் உருண்டை, அதற்குள் ஒரு நாற்காலி, அதில் பட்டைகளால் கட்டப்பட்ட டிட்டோவ். ராக்கெட்டின் இயந்திரம் நின்று, எடையின்மை தொடங்கியதும் விசித்திரமான ஒன்று நடந்தது. தாம் குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாகப் பறப்பதுபோல டிட்டோவுக்குத் தோன்றியது! உட்கார்ந்த இடத்தை விட்டு அவர் அசையவே இல்லை. எதிரே இருந்த கருவிப் பலகையும் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் எது மேல், எது கீழ் என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த உணர்வு சிறிது நேரத்தில் குறைந்தது. ஆனால் சுற்றுகள் ஏற ஏறத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தன. பற்பசைக் குழாய் போன்ற குழாய்களில் அடைத்த உணவு அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. விண்வெளியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்ப்பதும் அவருக்கு இட்ட வேலைகளில் ஒன்று. சாப்பிட்டார். வாந்தி வந்துவிட்டது. தலையைச் சட்டென்று திருப்பினால் வேதனை கூடியது. அசையாமல் இருந்தால் குறைந்தது. இதை அவரே கவனித்துத் தெரிந்துகொண்டார்.

சரி, ஏன் இப்படி ஆயிற்று?

காது எதற்கு என்று வகுப்பில் கேட்டால், கேட்பதற்கு என்று எல்லாரும் கையைத் தூக்குவார்கள். காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நாம் கீழே விழாமல் நிற்பதற்கும் காது வேண்டும்! உட்செவியில் அரைவட்ட வடிவில் மூன்று நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம். தலை திரும்பும்போது குழல் கூடவே திரும்பும். திரவமோ சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வைத்து மூளை, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று அறிந்துகொள்கிறது. தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் திரவம் உடனே நிற்காது. அதனால்தான் வீடு சுற்றுகிறது!

குழல்களுக்கு அருகிலேயே இரண்டு சின்னஞ்சிறு பைகள் உள்ளன. அவற்றில் பசைபோன்ற ஒரு படலம். அதன்மேல் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள். பூமி அந்தத் துகள்களைக் கீழே இழுக்கிறது. தலையைச் சாய்த்தால் அவையும் சரியும். அடியில் உள்ள மெல்லிய உணர்மயிர்கள் வளையும். கீழ் என்பது இந்தப் பக்கம் என்று மூளைக்குச் செய்தி போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு படுத்தாலும் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவது இப்படித்தான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை மலையை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்கே நின்றாலும், வலம் வருகிறவரின் வலக்கைப் பக்கம் மலை இருக்கும். கூட்டத்தில் வழி தவறினாலும் மலையைப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொள்ளலாம். திடீரென்று ஒரு நாள் மலை காணாமல் போனால்? நம் மூளைக்குப் புவியீர்ப்பு அந்த மலையைப் போன்றது. டிட்டோவின் மூளை அந்த மலையைத் தேடியது. அகப்படவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். 200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லையா? இருக்கிறது! தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கும் இருக்கிறது. ஆனால் விண்கலமும், அதில் உள்ள மனிதரும், அவர் காதில் உள்ள துகள்களும் ஒன்றாகச் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாமே ஒரே வேகத்தில் விழும்போது ஒன்று இன்னொன்றை அழுத்துவதில்லை. துகள்கள் படலத்தை அழுத்தாததால் காதிலிருந்து வழக்கமான செய்தி போகவில்லை. கண்ணோ, நாற்காலி நேராகத்தானே இருக்கிறது என்கிறது. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, நடுவில் மூளை திண்டாடிப் போகிறது. அதன் விளைவுதான் தலைசுற்றலும் வாந்தியும். மலைப்பாதையில் பேருந்தில் புத்தகம் படித்தால் குமட்டுகிறதே, அதற்கும் இதுதான் காரணம். போதாக்குறைக்கு, கால் பக்கம் இறங்க வேண்டிய இரத்தமும் நீரும் தலைப் பக்கம் ஏறி, முகம் உப்பி, மூக்கு அடைத்துக்கொள்ளும்.

மறுபடியும் டிட்டோவிடம் போவோம். உடம்பு இவ்வளவு படுத்தியும் அவர் வேலையை விடவில்லை. விண்கலத்தைத் தம் கையால் இயக்கிப் பார்த்தார். படக்கருவியால் பூமியைப் படம் பிடித்தார். பிறகு தூங்கவும் செய்தார். விண்வெளியில் தூங்கிய முதல் மனிதர் அவர்தான்! தூங்கப் போனால் கைகள் இரண்டும் தாமாகவே மேலே மிதந்தன. அவற்றை நாற்காலிப் பட்டைக்குள் செருகிக்கொண்டு தூங்கினார். நன்றாகவே தூங்கிவிட்டார். எழ வேண்டிய நேரம் தாண்டி அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது! எழுந்தபோது குமட்டல் வெகுவாகக் குறைந்திருந்தது. மூளை மெல்ல மெல்லப் புதிய இடத்துக்குப் பழகிக்கொண்டிருந்தது.

பூமியை 17 முறை சுற்றிவிட்டு, 25 மணி நேரத்துக்கும் மேல் விண்ணில் இருந்துவிட்டு, மறுநாள் சரத்தோவ் பகுதியில் பாராசூட்டில் குதித்துத் தரை சேர்ந்தார். அவர் கடந்த தொலைவு சுமார் 7 லட்சம் கிலோமீட்டர்.

இப்போதுதான் அந்த மணிக்கட்டு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். விழாக்களும் விருதுகளும் காத்திருந்தன. எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தானே! உண்மையைச் சொன்னால், இவர் உடம்பு விண்வெளிக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கிவிடும் அபாயமும் இருந்தது. பதினான்கு வயதில் உடைந்த கையை மறைத்தவர், இந்த முறை மறைக்கவில்லை. எப்போது தலைசுற்றியது, எப்போது கூடியது, எப்படித் தலையை வைத்துக்கொண்டால் குறைந்தது என்று எல்லாவற்றையும் மருத்துவர்களிடம் விவரமாகச் சொன்னார்.

அந்தச் செய்தி விண்வெளித் திட்டத்தையே யோசிக்க வைத்தது. இது டிட்டோவ் என்ற ஒருவரின் உடம்புக் கோளாறா, அல்லது மனிதர்கள் எல்லாருக்குமே இப்படி ஆகுமா? எல்லாருக்கும் ஆகும் என்றால் நிலவுக்குப் போவது எப்படி? அடுத்த சோவியத் வீரர் பறக்க ஓர் ஆண்டு ஆனது. அதற்குள் சுழல் நாற்காலி, ஊஞ்சல் என்று சமநிலைப் பயிற்சிகளைக் கூட்டினார்கள். 1962 ஆகஸ்டில் நிகோலாயெவ் ஏறக்குறைய நான்கு நாட்கள் பறந்தார். பட்டைகளை அவிழ்த்துவிட்டு மிதந்தும் பார்த்தார். டிட்டோவுக்கு வந்த தொல்லை அவருக்கு வரவில்லை. அமெரிக்காவும் டிட்டோவ் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. 1962 பிப்ரவரியில் பறந்த ஜான் கிளெனை, வேண்டுமென்றே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை!

அப்படியானால் டிட்டோவிடம்தான் குறையா? சில ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. 1969 மார்ச்சில் அப்பல்லோ-9 கலத்தில் பறந்த ரஸ்டி ஷ்வைக்கர்ட் வாந்தியால் அவதிப்பட்டார். அவர் கலத்துக்கு வெளியே சென்று செய்ய வேண்டிய வேலையைச் சுருக்க வேண்டியதாயிற்று. கலங்கள் பெரிதாகி, வீரர்கள் தாராளமாக மிதந்து திரியத் தொடங்கியதும் உண்மை தெரிந்தது. அமெரிக்க விண்வெளி ஓடங்களில் முதன்முறை பறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த நோய் வந்தது. இரண்டு மூன்று நாட்களில் தானாகவே போயும்விட்டது. பேருந்தில் வாந்தி எடுப்பவருக்கு அங்கே வராமல் போகலாம். எதற்கும் அசையாத போர் விமானிக்கு வரலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமாகவே உள்ளது. டிட்டோவிடம் ஒரு குறையும் இல்லை!

1984 ஏப்ரலில் நம் நாட்டின் ராகேஷ் சர்மா சல்யூட்-7 நிலையத்துக்குச் சென்றபோது அங்கே யோகாசனம் செய்தார். எடையின்மையின் தொல்லைகளைச் சமாளிக்க யோகா உதவுமா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தச் சோதனை.

டிட்டோவ் பிறகு என்ன ஆனார்? உலகம் சுற்றினார், இந்த முறை விமானத்தில்! 1962 ஜனவரியில் வியட்நாம் சென்றார். ஹாலோங் விரிகுடாவில் ஒரு சிறு தீவை ஹோ சி மின் அவருக்குக் காட்டினார். அந்தத் தீவுக்கு டிட்டோவின் பெயரையே வைத்தார்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகள் படகில் சென்று அதன் உச்சிக்கு ஏறுகிறார்கள். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் உண்டு. ஆனால் அவர் மிகவும் விரும்பிய ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. விமானம்போல் இறங்கக்கூடிய புதுவகை விண்கலம் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் பயிற்சி எடுத்தார். அது பறக்கவே இல்லை. 1968-இல் ககாரின் விமான விபத்தில் இறந்துபோனார். புகழ்பெற்ற இன்னொருவரையும் இழந்துவிடுவோமோ என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். டிட்டோவ் மறுபடி விண்ணுக்குப் போகவே இல்லை. இராணுவத்தின் விண்வெளிப் பிரிவில் உயர்ந்த பதவிகளில் பணியாற்றி, 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று மாஸ்கோவில் காலமானார்.

அவர் அறியாத செய்தி ஒன்று 2011-இல் வெளிவந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கித் திரும்பிய ஏழு வீரர்களின் கண்களை ஆராய்ந்து மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். சிலருக்குக் கண் நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் வீங்கியிருந்தது. சிலருக்குக் கண் உருண்டையின் பின்பக்கம் சற்றுத் தட்டையாகிவிட்டிருந்தது. அப்படியானால் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். தலைப் பக்கம் ஏறும் நீரும் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். அதனால் வீரர்களுக்குக் கூடுதல் மூக்குக்கண்ணாடியும் கொடுத்தனுப்புகிறார்கள். ஒரு நாள் பறந்த டிட்டோவின் கண்ணுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

திரும்பி வருவதும் எளிதல்ல. விண்ணில் மூளை காதை நம்பாமல் கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடும். பூமிக்கு வந்ததும் பழையபடி மாற வேண்டும். 2025 ஜூலையில் 20 நாள் பயணம் முடித்துத் திரும்பிய நம் சுபான்ஷு சுக்லா, பிறர் தாங்கிப் பிடிக்க நடக்கப் பழக வேண்டியிருந்தது. ஒரு நாள் படுக்கையில் அமர்ந்து வேலை செய்தவர், மடிக்கணினியை மூடிக் காற்றில் விட்டுவிட்டார். அது மிதக்கும் என்ற நினைப்பு! கணினி தொப்பென்று விழுந்தது. நல்லவேளை, கீழே கம்பளம் இருந்தது.

சுக்லா பறந்தபோது அவருக்கு வயது 39. வோஸ்தோக்-2 கிளம்பிய அன்று டிட்டோவுக்கு 26-ஆவது பிறந்தநாள் வர இன்னும் 36 நாட்கள் இருந்தன. பூமியைச் சுற்றி வந்தவர்களில் மிக இளையவர் இன்றும் அவர்தான்.